தென்னஞ் சாராய ஏற்றுமதி: முதலில் லேபல்

இலங்கைத் தென்னஞ் சாராயத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கண்காட்சி, விளம்பரம், வரிச்சலுகை என்றே கோரிக்கைகள் நீள்கின்றன. கள் சீவுவோர், வடிசாலை நடத்துவோர், ஏற்றுமதியாளர் ஆகிய மூன்று தரப்பையும் கொண்ட எங்கள் சங்கம் கேட்பது வேறு. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை லேபலில் எழுதச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடையில் சாராயம் என்று விற்பவற்றில் முழுக்கத் தென்னங்கள்ளில் வடித்தவையும் உண்டு, கரும்பாலைப் பாகில் வடித்த மதுசாரம் கலந்தவையும் உண்டு. கலப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் அங்கத்தவர் பலருக்கே அதுதான் வியாபாரம். ஆனால் விகிதம் தெரிய வேண்டாமா? மெக்சிக்கோவில் நூறு வீதம் நீலக் கற்றாழையில் செய்த டெக்கீலா ஒரு வகை, சர்க்கரையில் 51 வீதமாவது கற்றாழையிலிருந்து வந்தால் போதும் என்பது இன்னொரு வகை. இரண்டும் விற்கின்றன, முதலாவதுக்குத்தான் நல்ல விலை. ஸ்கொச் விஸ்கி ஓக் பீப்பாவில் மூன்று வருடம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஹல்மில்லை மரத் தொட்டிகளில் வருடக்கணக்கில் கிடந்த சாராயத்துக்கு அப்படியொரு பிடிமானம் இல்லை.

தூய சாராயத்தின் செலவு மரத்திலேயே தொடங்குகிறது. பாளை சீவும் மரத்தில் காய் கிடைக்காது. 2024 கடைசியில் தேங்காய்த் தட்டுப்பாடு வந்தபோது, கள்ளுக்கு மரம் கொடுப்பதா, காய்க்கு விடுவதா என்று தோட்டக்காரர் கணக்குப் பார்த்ததில் தப்பில்லை. வாத்துவை, களுத்துறைப் பக்கம் போனால் தெரியும்: மரத்துக்கு மரம் இரண்டு கயிறு கட்டி, மேல் கயிற்றைப் பிடித்து, கீழ்க் கயிற்றில் கால் வைத்து, தரைக்கு இறங்காமலே நடந்து பாளையைத் தட்டிச் சீவுகிறார் தொழிலாளி. இறக்கிய கள் புளிக்குமுன் வடிசாலை சேர வேண்டும். பிந்தினால் வினாகிரிக்குத்தான் ஆகும். இந்த வேலைக்கு அவருடைய பிள்ளைகள் வருவதில்லை, நாங்களும் வரச்சொல்லும் நிலையில் இல்லை. சீனி கரைத்துச் செய்யும் செயற்கைக் கள்ளோடு அவர் போட்டி போடுகிறார். தூய சாராயத்துக்குத் தனி லேபலும் தனி விலையும் வந்தால்தான் அவருடைய கூலியும் காப்புறுதியும் பேசத்தக்க விஷயங்களாகும்.

சில்லறைத் தடைகளும் உண்டு. உள்ளூரில் ஓடும் 750 மில்லிலீற்றர் போத்தலை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது, அங்கே 700. சிறிய வடிசாலைக்கு இதற்கென்று தனிப் போத்தல், தனிப் பெட்டி, தனி லேபல். இதற்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபை கைகொடுக்கலாம்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் உள்நாட்டில் மது விளம்பரத்தைத் தடைசெய்கிறது. அதைத் தளர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை. ஏற்றுமதியைச் சாட்டி அதைக் கேட்பவர்களோடும் நாங்கள் இல்லை.

ஒரு பொருளின் பெயரை அதன் ஊரோடு சேர்த்துக் காக்கும் புவிசார் குறியீட்டைப் பதிவுசெய்ய வழி திறந்தது 2022ஆம் ஆண்டின் புலமைச் சொத்துத் திருத்தச் சட்டம். அதே வருடம் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. தென்னஞ் சாராயமும், தனி வரையறையோடு வடக்கின் பனஞ் சாராயமும் அந்த வழியில் போக வேண்டும். வரையறை எழுத மதுவரித் திணைக்களமும் கட்டளைகள் நிறுவகமும் உட்காரும் நாளில், எங்கள் அங்கத்தவர் தங்கள் வடிசாலைப் பதிவேடுகளைத் திறந்து காட்டுவார்கள், கலப்பு விற்பவர்களும் சேர்த்துத்தான்.