இரண்டு தாய்கள், ஒரே கூண்டு

பார்த்தவர்களைக் கண்கலங்க வைத்த பழைய படங்களில் இரண்டை மறக்க முடியாது. ஒன்று, 1952 தீபாவளிக்கு வந்த "பராசக்தி". மற்றொன்று, 1969-ல் வந்த "துலாபாரம்". இரண்டிலும் வறுமை தாங்காத ஒரு தாய், பெற்ற பிள்ளையையே மாய்க்கத் துணிகிறாள். இரண்டிலும் அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். ஆனால் முடிவு ஒன்றல்ல.

"பராசக்தி" வெளியூரில் பிழைக்கும் தமிழனின் கதை. அண்ணன்மார் மூவர் ரங்கூனில். தங்கை கல்யாணி மதுரையில். அவளுக்குக் கல்யாணம். 1942, உலகப் போர்க் காலம். கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. இளைய அண்ணன் குணசேகரன் புறப்படுகிறான். அவன் வருவதற்குள் கணவன் போனான், தகப்பனார் போனார், வீடும் ஏலத்தில் போனது. கைக்குழந்தையோடு இட்லிக் கடை வைக்கிறாள் கல்யாணி. அண்ணனோ சென்னையில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பைத்தியம்போல் நடிக்கிறான். தங்கையைக் கண்ட பிறகும் தான் யாரென்று சொல்லவில்லை!

கடைசியில் கோர்ட்டு. நீதிபதியே மூத்த அண்ணன். ஆற்றில் போட்ட குழந்தையும் படகில் விழுந்து பிழைத்திருக்கிறது. குடும்பம் ஒன்று சேர்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

"துலாபாரம்" அப்படி அனுப்பவில்லை. தோப்பில் பாசி எழுதிய மலையாள நாடகம் அது. வின்சென்ட் இயக்கத்தில் 1968-ல் மலையாளப் படமாகி, சாரதாவுக்கு ஊர்வசி விருது வாங்கித் தந்தது. மறு ஆண்டு தமிழிலும் அவரே நடித்தார். வசதியாக வளர்ந்த பெண். தகப்பனார் வழக்கில் சொத்தை இழக்கிறார். அன்பான ஒரு தொழிலாளியை மணக்கிறாள். தொழிற்சங்கத்துக்காக நின்ற அவனும் கொல்லப்படுகிறான். பிறகு பசி. பிள்ளைகளின் பசி. இங்கே படகும் இல்லை, அண்ணனும் இல்லை. எதிரே அரசாங்க வக்கீலாக நிற்பவள் பழைய தோழி!

கலைஞரின் வசனத்துக்காகப் "பராசக்தி"தான் உயர்ந்தது என்பார்கள். சமுதாயத்தையே கூண்டில் ஏற்றிய வசனம்; மறுப்பதற்கில்லை. ஆனால் வசனம் ஏற்றியதைக் கதை இறக்கிவிடுகிறது. எத்தனை ஏழைப் பெண்களுக்கு நீதிபதி அண்ணன் இருக்கிறான்? அந்த வகையில் "துலாபாரம்"தான் கனமான படம். அழுகை அதிகம் என்று குறை சொல்பவர்களும் அந்தக் கடைசிக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

மும்பையிலும் டில்லியிலும் பிழைக்கும் தமிழர்களுக்கு இரண்டு படமும் சேர்ந்தே பாடம். கல்யாணியின் அண்ணன்மார் தூரத்தில் இருந்தார்கள். குறுக்கே கடலும் போரும் இருந்தன. "துலாபார"த்துத் தாய்க்கு ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

அன்று மணியார்டர் போய்ச்சேர நாளாகும். இன்று கைபேசியில் ஒரு நொடியில் பணம் போகிறது. ஊரிலிருந்து வரும் பதில் மட்டும் மாறவில்லை: "நாங்கள் சௌக்கியம்." கல்யாணியும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

பணம் அனுப்பினால் போதாது. அடுத்த லீவுக்கு ஒரு டிக்கெட் எடுத்து, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கப்பலுக்குத்தான் அன்று டிக்கெட் இல்லை. இன்று ரயில் தினமும் ஓடுகிறது.