தொட்டிக்கு மூடி எங்கே?

மதுரை கே.கே. நகரிலே, 2025 ஏப்ரல் 29ஆம் நாள், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மழலையர் பள்ளியொன்றின் கோடைக்கால வகுப்புக்குப் போனாள். வளாகத்திலே தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அதிலே விழுந்தாள். உயிரோடு வீடு திரும்பவில்லை. பிறகுதான் பரபரப்பு! பள்ளிக்கு முத்திரை வைத்தார்கள். நடத்தியவரைக் கைது செய்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் விக்கிரவாண்டியில் நடந்ததும் இதுவே. தனியார் பள்ளியிலே எல்.கே.ஜி. படித்த சிறுமி, கழிவுநீர்த் தொட்டி, துருப்பிடித்த இரும்பு மூடி. அங்கேயும் கைது நடந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, மதுரைத் தொட்டி திறந்து கிடந்தது!

தவறு செய்தவர்களைத் தண்டிக்கட்டும். குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால், நாம் கேட்பது வேறு. விக்கிரவாண்டிச் செய்தியைப் படித்த மறுநாள், தம் எல்லைக்குட்பட்ட பள்ளிகளின் தொட்டிகளைக் குனிந்து பார்த்த அதிகாரிகள் எத்தனை பேர்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியிலே 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். நாடே அழுதது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2012 ஜூலையில் தாம்பரத்தருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து மாண்டாள். அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் பிறந்தன. ஆனால் அதற்கடுத்த மாதமே சென்னையிலே பள்ளி நீச்சல் குளத்திலே நான்காம் வகுப்புச் சிறுவன் மூழ்கி இறந்தான். கூரை எரிந்தால் கூரையைப் பார்ப்போம், பேருந்து கொன்றால் பேருந்தைப் பார்ப்போம், குளம் விழுங்கினால் குளத்தைப் பார்ப்போம் — இதுதானே முறையாகிவிட்டது! எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் இந்த முறை மட்டும் மாறுவதில்லை.

குளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீரில் மூழ்குகிறவர் கைகால் அடித்துக்கொண்டு கூக்குரலிடுவதாகத் திரைப்படத்திலே காட்டுகிறார்கள். உண்மையில், மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதே இல்லை. மூச்சுக்கே வழியில்லாத வாய் எப்படிக் கத்தும்? சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எனவே “சத்தம் கேட்டால் ஓடுவேன்” என்பவர் காவலர் ஆகமாட்டார். பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் வேண்டும்; கைக்கு எட்டும் தூரத்திலே வேண்டும். அப்படிப்பட்டவருக்கும் கண் தவறும் என்பதனால்தான் ஆஸ்திரேலியாவிலே வீட்டு நீச்சல் குளத்துக்கும் வேலி கட்டாயம். ஆளுயர வேலிகூட அல்ல, 1.2 மீட்டர், தானே மூடிக்கொள்ளும் கதவு, பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாள். பெரிய விஞ்ஞானமா இது?

“பிள்ளையை வீட்டிலே வைத்திருந்தால் வம்பில்லையே” என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. சித்தாளாகப் போகிறவளும், பனியன் கம்பெனிக்குப் போகிறவளும் எந்த வீட்டிலே வைத்திருப்பது? இந்தப் பேச்சுக்கு வங்கதேசம் பதில் சொல்லிவிட்டது. குளம் குட்டைகள் நிறைந்த அந்த நாட்டுக் கிராமங்களிலே, தாய் சமையலிலும் வயலிலும் மூழ்கியிருக்கும் காலை வேளையிலேதான் பிள்ளைகள் அதிகம் நீரில் மாண்டனர். காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே காப்பகம் வைத்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணை அமர்த்தினார்கள். சாவு பெருமளவு குறைந்தது. 2022இல் 8,000 காப்பகங்களுக்கு அந்நாட்டு அரசே ஒப்புதல் தந்தது. குழந்தைகளைத் தண்ணீரிடமிருந்து காக்கும் வழி காப்பகம் என்று அங்கே நிரூபித்தார்கள். நம் மதுரையிலோ, காப்பாற்ற வேண்டிய இடத்திலேயே தொட்டி வாய் பிளந்திருந்தது!

முகாம்களின் கதை இன்னும் கொடுமை. 2024 ஆகஸ்டிலே கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றிலே தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு முகாம் நடந்தது. மாணவி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். பிறகு தெரிந்தது, முகாமே போலி என்று! அந்தப் படையின் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், உண்மை வெளியாகியிருக்கும். சீருடையைக் கண்டதும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும், அது பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றது. ஆலைக்குச் சொன்னது தெருமுனைக் காப்பகத்துக்குப் பொருந்தாதா? சோறூட்டுவதும், கால் கழுவிவிடுவதும், வாசலைப் பார்ப்பதும் ஒரே ஆயா என்றால், தொட்டிப் பக்கம் போன பிள்ளையை யார் பார்ப்பது? அந்த ஆயாவுக்குத் தரும் சம்பளத்தைப் பற்றி நடத்துகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

அடுத்த கோடை வகுப்புகள் தொடங்குமுன், ஒவ்வொரு மழலையர் பள்ளிக்கும் காப்பகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் அதிகாரி நேரிலே போகட்டும். தொட்டி மூடியின் மேல் ஏறி நின்று பார்க்கட்டும். பார்த்த தேதியையும் தம் பெயரையும் எழுதி, பெற்றோர் கண்ணில் படும்படி வாசலிலே மாட்டிவிட்டு வரட்டும். பலகை இல்லாத வாசலிலே பிள்ளையை விடுமுன் “யார் வந்து பார்த்தார்கள்?” என்று தாய்மார்கள் கேட்கட்டும்.