பென்சிலைக் கொடுக்க முன் பேச்சைக் கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் பிள்ளை இருக்கும் உம்மாமார், வாப்பாமார், உம்மும்மாமார் பொறுமையாக வாசியுங்கள்.

நான் முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. புதுப் பிள்ளைகள் வந்து சேரும் நாட்களில் பெற்றோர் பெருமையோடு சொல்வார்கள்: "டீச்சர், இவர் ஏ பி சி டி முழுக்க எழுதுவார். நூறு மட்டும் எண்ணுவார். இனி வீட்டில் என்ன சொல்லிக் கொடுக்க?"

அப்படி வந்த ஒரு பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டினேன். மழை பெய்கிறது. ஒரு கடை வாசலில் ஒருவர் குடையோடு நிற்கிறார். பெஞ்சுக்குக் கீழே ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது. "இதில் என்ன நடக்குது, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். பிள்ளை விரல் வைத்துச் சொன்னது: "ரெயின். அம்ப்ரெல்லா. டோக்." அவ்வளவுதான். பிறகு என் முகத்தைப் பார்த்தது. படம் ஒரு கதை சொல்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவே சரியாக வராது. ஆனால் அது எழும்பி நின்று சொன்னது: "டீச்சர், மழை பேஞ்சி டவுன்ல தண்ணி வரப் போகுது. எங்கட வாப்பா கடச் சாமான் எல்லாம் மேல தூக்கி வெச்சார். இந்த மாமாவும் தூக்கி வெக்கணும். நாய் பாவம், அதுக்கு மேல ஏறத் தெரியாது."

பிங்கா ஓயா பெருகி நமது டவுன் நனைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிள்ளை சொன்னது விளங்கும். பார்த்ததை நினைவில் எடுத்து, படத்தோடு சேர்த்து, அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்து, நாய்க்காக இரங்கவும் செய்துவிட்டது.

இந்த இரண்டு பிள்ளைகளில் யார் முதலில் விளங்கி வாசிப்பார் என்று கேட்டால், என் வகுப்பறை அனுபவம் இரண்டாவது பிள்ளையைத்தான் காட்டுகிறது. முதற்பிள்ளைக்கு அறிவு குறைவு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். அதனோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. என் மூத்த பிள்ளைக்கு மூன்றரை வயதில் கோடு போட்ட கொப்பி வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான். கலாசாலையில் சிறுவர் உளவியல் படித்துவிட்டு வந்த பிறகுதான் அதைச் செய்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறதே என்ற பயம், படித்ததையெல்லாம் மறக்க வைத்தது. கொப்பியைக் கண்டாலே ஒளியும் பிள்ளையைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

எழுத்தை அறிவது வேறு, வாசிப்பது வேறு. "வழுக்கியது" என்ற சொல்லை ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடலாம். ஆனால் அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டு, குளியலறையில் ஒருமுறை வழுக்கியும் பார்த்த பிள்ளைக்குத்தான் அது விளங்கும். பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுக்கும். சொற்களின் பெரும்பகுதி வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நமது நாட்டின் பாடத்திட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1999 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், முதலாம், இரண்டாம் தரங்களுக்கு விளையாட்டுத்தான் முதலிடம். அடுத்தது செயற்பாடு. மேசையில் அமர்ந்து செய்யும் எழுத்து வேலைக்குக் கடைசி இடம். ஆறு வயதுப் பிள்ளைக்கே அப்படியென்றால், மூன்று வயதில் நாம் ஏன் கொப்பியை நிரப்புகிறோம்?

நேசரி ஆசிரியைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. "பக்கத்து நேசரியில் எழுதுறாங்களே" என்று போய்க் கேட்பது நாம்தான். பிள்ளையைக் கூப்பிட வாசலில் நிற்கும்போது "இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினார்?" என்று கேட்காமல் "இன்றைக்கு என்ன கதை சொன்னீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தவணைக்குள் மாற்றம் தெரியும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, படப்புத்தகம். அதை எப்படிப் பாவிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1988 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவினரும் வீட்டில் பிள்ளைக்குப் படப்புத்தகம் வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் வாசிக்கும் முறை சொல்லிக் கொடுக்கப்பட்டது: கேள்வி கேளுங்கள், பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், அதில் இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நான்கே வாரங்களில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை விடப் பல மாதங்கள் முன்னால் நின்றார்கள். வித்தியாசம் வாசித்தவர் யாரைப் பேச விட்டார் என்பதில்தான் இருந்தது.

ஆக, நீங்கள் வாசித்து முடிப்பதற்காகப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். பிள்ளை பேசுவதற்காகத் திறங்கள். நான் பெற்றோருக்குச் சொல்லும் வழி இதுதான்:

1. முதலில் படத்தைக் காட்டிச் சும்மா இருங்கள். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

2. "இது எனத்த?" என்பதோடு நிற்காமல், "இவர் ஏன் ஓடுறார்?", "இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறையுங்கள்.

3. பிள்ளை "நாய்" என்றால், "ஓ, நனைஞ்ச நாய்" என்று ஒரு சொல் கூட்டிக் கொடுங்கள். பிழையாகச் சொன்னால் திருத்தி அவமானப்படுத்தாமல், சரியான சொல்லை உங்கள் பேச்சில் சேர்த்துச் சொல்லுங்கள்.

4. "இப்படி நமக்கும் நடந்ததே, நினைவிருக்கா?" என்று வீட்டோடு இணையுங்கள்.

5. ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் சலிக்க வேண்டாம். பிள்ளைக்கு அது மனனம் ஆகும்போதுதான், அடுத்த தடவை அது உங்களுக்குக் கதை சொல்லும்.

எந்த மொழியில்? உங்கள் வீட்டு மொழியில். "டீச்சர், எங்களுக்கு நல்ல தமிழ் வராது" என்று தயங்கும் உம்மாமாரிடம் நான் சொல்வது, உங்கள் தமிழ்தான் பிள்ளையின் முதல் செல்வம் என்பதுதான். புத்தகத் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அதன் மேல் வந்து உட்காரும். அடியில் ஒரு மொழியும் முழுமையாக இல்லாமல் மூன்று மொழியிலும் தனிச் சொற்களை மட்டும் தெரிந்த பிள்ளைகள்தான் வகுப்பில் திணறுகிறார்கள்.

சிங்களப் படப்புத்தகமும் நமக்கு உதவும். காலி மாவட்டத்தின் கிந்தோட்டையில் பிறந்த சிபில் வெத்தசிங்ஹ அம்மையார் 1956 இல் எழுதிப் படம் வரைந்த 'குட ஹொரா' என்ற புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். குடைத் திருடன் என்று அர்த்தம். குடையே இல்லாத ஊரிலிருந்து டவுனுக்குப் போன ஒருவர் குடை வாங்கி வருகிறார். அது காணாமல் போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் போகிறது. யார் எடுத்தது? இந்தக் கேள்வி போதும், ஒரு மாலை முழுவதும் பிள்ளை பேசும். எழுத்து விளங்காவிட்டாலும் படத்தை வைத்து நம் பேச்சில் சொல்லலாம். 2020 இல் காலமான அந்த அம்மையார், தன் கடைசிக் காலத்தில் ஒரு கதையின் முடிவை எழுதும் வேலையை நாட்டின் சிறுவர்களிடமே விட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளோடு அந்தப் புத்தகம் கின்னஸ் சாதனையானது. கதையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"புத்தகம் விலை கூட" என்பதும் நியாயமான பேச்சுத்தான். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. இறக்கி அச்செடுத்தும் கொடுக்கலாம். 'ரூம் டு ரீட்' நிறுவனம் நமது நாட்டிலேயே தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் நூல்கள் வெளியிட்டிருக்கிறது. கண்டிக்குப் போகும் நாளில் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஒன்றும் முடியாவிட்டால், பழைய கலண்டர், கடை விளம்பரத் துண்டு, பிஸ்கட் பெட்டி ஆகியவற்றிலிருந்து படம் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். பிள்ளையே ஒட்டிய புத்தகம் அதற்குக் கடைப் புத்தகத்தை விடப் பெரிது.

உருவப் படங்கள் விடயத்தில் பேணுதலாக இருக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் மரம், மழை, வாகனம், வீடு, பழம், சந்தை ஆகிய படங்களோடு தொடங்கலாம். படம் எதுவாக இருந்தாலும், அதைச் சுற்றி நடக்கும் பேச்சுத்தான் வேண்டும்.

இரண்டாவது, விளையாட்டு. நாம் நேசரிகளுக்கு மொன்டிசோரி என்று பெயர் வைக்கிறோம். 1907 இல் ரோமில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொன்டிசோரி அம்மையார், பிள்ளை கையால் தொட்டு, ஊற்றி, அடுக்கி, பிரித்துத்தான் படிக்கிறது என்றார். 1944 இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவர் சொன்ன பொருட்களுக்கு நம் ஊரில் குறைவா? கிராம்பு, மிளகு, சாதிக்காய் புழங்கும் ஊர் இது. ஒரு தட்டில் கலந்து கொடுத்து "வேறு வேறாகப் பிரிங்க" என்று சொல்லுங்கள். எது பெரிது, எது வாசம் கூட, எது சொரசொரப்பு? கணிதமும் விஞ்ஞானமும் மொழியும் ஒரே தட்டில். அரிசி அளக்கும் சுண்டைப் பிள்ளையிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ரொட்டி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். பென்சில் பிடிக்கும் விரல் பலம் அதில்தான் வருகிறது. ஒரு எச்சரிக்கை: இவற்றை வாயிலோ மூக்கிலோ போட்டுவிடலாம். பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறிய பொருட்களே வேண்டாம்.

இனி ஃபோன். 2020 மார்ச் இறுதியில் நமது ஊரே மூடப்பட்ட நாட்கள் நினைவிருக்கும். பிறகு பாடத்துக்காக ஃபோன் வீட்டில் பிள்ளைகள் கைக்குப் போனது. பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது, ஃபோன் பல வீடுகளில் இன்னும் திரும்பவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது, ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. ஃபோன் நிறையப் பேசும். ஆனால் பிள்ளை சொன்ன பதிலைக் கேட்காது. அந்த ஒரு குறையே போதும்.

வேலையும் சமையலுமாக உம்மாமார் களைத்துப் போவது எனக்குத் தெரியும், நானும் ஓர் உம்மா. அதனால்தான் இரண்டு மணித்தியாலம் கேட்கவில்லை. இஷாவுக்குப் பிறகு இருபது நிமிடம். கொழும்பில் கடை வைத்திருக்கும், வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாமாரே, வீடியோ கோலில் "சாப்பிட்டீங்களா, படிச்சீங்களா" என்பதோடு நிறுத்தாமல், "இன்றைக்குப் பார்த்த படத்தை எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத கதையைச் சொல்வதில் பிள்ளைக்கு இருக்கும் சந்தோஷமே வேறு.

இது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இது என்ன, நடுவில் இருப்பது என்ன, அதன் மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குதிரை என்றும் இறக்கைகள் என்றும் பதில் வந்தது. குதிரைக்கு இறக்கையா என்று வியந்தபோது, சுலைமான் நபியின் குதிரைக்கு இறக்கை இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகி இருக்கிறது. அந்த உரையாடலில் கேள்வி இருக்கிறது, காத்திருந்து கேட்பது இருக்கிறது, பதிலை ரசிப்பது இருக்கிறது. குதிரைக்கு இறக்கை கிடையாது என்று திருத்துவது மட்டும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மத்ரஸா, நேசரி பரிசளிப்புகளில் நாம் கொடுக்கும் கப்புகளும் பிளாஸ்டிக் சாமான்களும் ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடுகின்றன. அந்தக் காசில் ஆளுக்கொரு படப்புத்தகம் கொடுப்போம். பெருநாள் காசில் ஒரு பங்கையும் அதற்கு ஒதுக்குவோம். ஒரு ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்து மாற்றி மாற்றிப் பாவித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் புத்தகம்.

என் இளைய பிள்ளைக்கு இப்போது நாலு வயது. இன்னும் ஓர் எழுத்தும் எழுதத் தெரியாது. நேற்றிரவு நான் களைத்துத் தூங்கப் பார்க்க, புத்தகத்தை என் மடியில் வைத்து, "உம்மா, நீங்க கேள்வி கேளுங்க, நான் சொல்றேன்" என்றது.

நான் கேட்டேன்.