இன்று விழவில்லை என்பதால் நலம் என்று ஆகிவிடாது



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணினித் துறையில் இல்லாதவர்களும் பொறுமையாகப் படியுங்கள். பாதிக்கு மேல் இது கணக்குப் பாடம்தான்.

சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சென்ற மாதம் பேசினாள். அவள் அலுவலகத்தில் கெர்னல் அப்டேட் போட்ட பிறகு விர்ச்சுவல் மெஷின்கள் நினைத்த நேரத்தில் விழ ஆரம்பித்தன. ஒரு நாள் காலையில், ஒரு நாள் நள்ளிரவில், பிறகு இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. "நீதான் ஏதோ செட்டிங்கை மாற்றியிருப்பாய்" என்று மேலதிகாரிக்கு அவள்மேல் சந்தேகம். பழைய கெர்னலுக்குத் திரும்பியதும் நின்றுவிட்டது. "நின்றுவிட்டதல்லவா, விட்டுவிடு" என்று விஷயத்தை முடித்துவிட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அவள் கேட்டது ஒரு வாரம். அது கிடைக்கவில்லை.

அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன? ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் பல கணினிகளை உண்டாக்குவது. ஒரு வீட்டில் பல குடித்தனம் மாதிரி. ஒவ்வொரு குடித்தனமும் இது தன் சொந்த வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமட்டம். நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. லினக்ஸ் கெர்னலில் குடித்தனங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே கேவிஎம் என்ற பகுதி 2007 முதல் இருக்கிறது. மொட்டை மாடியில் குழாயை மாற்றினால் கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் கசிகிறதல்லவா, அப்படித்தான் இதுவும். கெர்னலில் எங்கோ ஒரு மாற்றம் செய்வார்கள். உள்ளே ஓடும் மெஷின் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2019-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விர்ச்சுவல் மெஷினின் நினைவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதற்குக் கெர்னல் ஒரு அட்டவணை வைத்திருக்கும். ஒரு பகுதியை நீக்கும்போது அட்டவணை முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான் பழைய முறை. ஒரு பையன் டி.சி. வாங்கிப் போனதற்காக வருகைப் பதிவேடு முழுவதையும் திரும்ப எழுதுவது போன்றது இது. அவன் பெயரை மட்டும் அடித்தால் போதாதா? அந்த எண்ணத்தில்தான் 5.1 பதிப்பில் ஒரு மாற்றம் வந்தது: நீக்கிய பகுதிக்குரிய பதிவுகளை மட்டும் அழித்தால் போதும். யார் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் கிராபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்களை நேரடியாக ஒப்படைத்திருந்த விர்ச்சுவல் மெஷின்களில் கோளாறு கிளம்பியது. அதைத் தெரிவித்தவர் அலெக்ஸ் வில்லியம்சன். சாதனங்களை அப்படி ஒப்படைக்கும் பகுதியைப் பராமரிப்பவரே அவர்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், கேவிஎம் பகுதியின் பொறுப்பாளர் பாவ்லோ பொன்சினி அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். அப்போது அவர் எழுதிய குறிப்பில் ஒரு நேர்மை இருக்கிறது: உண்மையான பிழை அநேகமாக வேறெங்கோ ஒளிந்திருக்கிறது, ஆனாலும் பயனாளருக்கு ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனதால் இதைத் திரும்பப் பெறுகிறோம் என்பது அதன் சாரம். 2024-இல் அந்தச் சிக்கன முறை மறுபடி வந்தது, ஒரு விருப்பத் தேர்வாக. சாதாரண மெஷின்களுக்கு இயல்பாக அமைந்திருப்பது இன்றும் பழைய முறைதான்.

அங்கேயும் பழையதற்குத்தான் திரும்பினார்கள். என் மாணவியின் அலுவலகத்திலும் பழையதற்குத்தான் திரும்பினார்கள். வித்தியாசம் என்ன? அங்கே எந்த மாற்றத்தால் வந்தது என்று கண்டுபிடித்து, ஊரறிய எழுதி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அதனால் ஐந்து வருடம் கழித்து அதைத் தொட வந்தவர்கள் எச்சரிக்கையோடு தொட்டார்கள். இங்கே எழுதி வைக்க ஒன்றுமே இல்லை.

சரி, எந்த மாற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. வகுப்பில் நாம் விளையாடுவோமே, ஒன்றிலிருந்து ஆயிரத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள், பத்தே கேள்வியில் சொல்கிறேன் என்று! அதே வித்தைதான். நடுவில் உள்ள பதிப்பைப் போட்டுப் பார். விழுந்தால் குற்றவாளி முன்பாதியில், விழாவிட்டால் பின்பாதியில். மறுபடி பாதி. 2-இன் 14-ஆம் அடுக்கு 16,384. ஆகவே பதினான்கு படியில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கலாம். கிட் என்ற கருவியில் பைசெக்ட் என்ற கட்டளையாகவே இது இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், நம் நோயாளி எப்போதாவதுதான் விழுகிறான். "விழுந்தது" என்பது உறுதியான சாட்சி. "விழவில்லை" என்பது அரைச் சாட்சிதான். கோளாறு உள்ள கெர்னலே சராசரியாக நாளுக்கு ஒரு முறைதான் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுவதும் விழாமல் தப்பிக்க அதற்கு 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் என்றால் 13.5 சதவீதம். மூன்று நாள் என்றால் 5. ஐந்து நாள் என்றால்தான் அது ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கும்.

பதினான்கு படிகளில் ஏழு கோளாறுள்ளவை என்று கொள்ளுங்கள். ஏழையும் சரியாகப் பிடிக்க வேண்டும். ஒன்றை "நல்லது" என்று விட்டுவிட்டாலும் தேடல் தவறான பாதிக்குள் போய்விடும். கடைசியில் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்வான். படிக்கு ஒரு நாள் மட்டும் காத்திருந்தால் கடைசி விடை சரியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? வெறும் 4 சதவீதம். மூன்று நாள் காத்திருந்தால் 70. ஐந்து நாள் காத்திருந்தால் 95. "நேற்று போட்டேன், இன்று நன்றாக ஓடுகிறது, சரியாகிவிட்டது" என்பவர்கள் இந்த 4 சதவீதத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக் காத்திருந்தால் மொத்தம் எத்தனை நாள்? கோளாறுள்ள ஏழும் சராசரியாக ஒரு நாளில் விழுந்துவிடும்; அது ஏழு நாள். நல்ல ஏழுக்கும் தலா ஐந்து நாள், அது முப்பத்தைந்து. ஆக நாற்பத்திரண்டு நாள், ஆறு வாரம். மேலதிகாரி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்குப் பதில் ஒரே மாதிரிப் பத்து மெஷின்களை ஓட்டினால்? ஒவ்வொன்றும் தனித்தனியே விழுவதாக இருந்தால், பத்து மெஷின் அரை நாள் ஓடுவது ஒரு மெஷின் ஐந்து நாள் ஓடுவதற்குச் சமம். ஆறு வாரம் நான்கு நாளாகச் சுருங்கிவிடும். கெர்னலை ஒவ்வொரு முறையும் தொகுக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வாரம். அவள் கேட்டதும் அதே ஒரு வாரம்தான்.

இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. விர்ச்சுவல் மெஷினில் இரண்டு கெர்னல்கள் உண்டு: வெளியே வீட்டுக்காரருடையது, உள்ளே குடித்தனக்காரருடையது. இரண்டையும் ஒன்றாக மாற்றாதீர்கள். ஒன்றை அப்படியே வைத்து மற்றதை மாற்றுங்கள். அடுத்தது, அப்டேட் போட்ட மறுநாள் விழுந்தது என்பதாலேயே அப்டேட்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். நினைவகச் சில்லு பழுதாகியிருக்கலாம். பழைய கெர்னலிலும் அதே அளவு நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

"நாங்கள் என்ன கெர்னல் எழுதுகிறவர்களா? செய்தவர்கள் திருத்திக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்வார்கள். செய்தவரிடம் உங்கள் வன்பொருள் இல்லை, உங்கள் வேலைப்பளுவும் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? பழைய கெர்னலிலேயே காலம் தள்ளவும் முடியாது. 2018 ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற குறை வெளிவந்தது. இன்டெல் செயலிகளில் ஒரு குடித்தனக்காரர் அடுத்தவர் பெட்டியை எட்டிப் பார்க்க வழிசெய்யும் குறை அது. அதற்கான தடுப்பு கெர்னல் அப்டேட் வழியாகத்தான் வந்தது. பழையதிலேயே உட்கார்ந்திருப்பவர் அடுத்து வரும் இத்தகைய திருத்தத்தையும் இழப்பார். பழையதற்குத் திரும்புவது முதலுதவி. அதைச் செய்ததை நான் குறை சொல்லவில்லை. முதலுதவியோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்பியதைத்தான் குறை சொல்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு பிழையைத் திருத்தும்போது, எந்த மாற்றத்தால் அது வந்தது, யார் தெரிவித்தார், யார் சோதித்தார் என்று பெயரோடு எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. குறியீட்டில் ஒரு வரிகூட எழுதாதவர் பெயரும் அதில் நிற்கும். காத்திருந்து பார்த்ததும் ஒரு வேலைதான் என்று அங்கே மதிக்கிறார்கள்.

என்னிடம் படித்தவர்களில் இன்று பலர் குழுத் தலைவர்கள், மேலாளர்கள். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து "காரணம் தேட ஒரு வாரம் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுங்கள். கொடுக்க முடியாத நிலை என்றால், காரணம் தெரியவில்லை என்றாவது பதிவேட்டில் எழுதுங்கள். அதையும் செய்யாமல் அந்தப் பிள்ளையின் தலையில் பழியை ஏற்றாதீர்கள். எந்த மாற்றம் என்று தெரியாதவரை யார்மேலும் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்