கதையை மாற்றச் சொல்கிறவர்களுக்கு

உன் கதையை மாற்றி எழுது, வாழ்க்கை தானாக மாறும். தன்னம்பிக்கை மேடைகளிலும் யூடியூப் உரைகளிலும் அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது இந்த உபதேசம். உளவியலே இதைத்தான் சொல்கிறது என்று ஒரு முத்திரையையும் குத்திவிடுகிறார்கள். அது பொய்யான முத்திரை. கதையின் வழியே மனித மனத்தை ஆராய்ந்தவர்கள் சொன்னதற்கு இது நேர் எதிரானது.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர், மனிதச் சிந்தனைக்கு இரண்டு வழிகள் உண்டு என்று 1986இல் எழுதினார். தர்க்கத்தால் நிறுவுவது ஒன்று. கதையால் பொருள் காண்பது மற்றொன்று. ஆனால் அந்தக் கதையைத் தனிமனிதர் நினைத்தபடி புனைந்துகொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை. 1990இல் வந்த 'ஆக்ட்ஸ் ஆஃப் மீனிங்' நூலில், பொருள் காணும் கருவிகளை நமக்குத் தருவது பண்பாடுதான் என்று வாதிட்டார். எது வெற்றி, எது அவமானம் என்பதை நாம் வாய் திறக்கும் முன்பே ஊர் முடிவு செய்துவிடுகிறது. பிள்ளை இல்லாத பெண்ணிடமும் வேலை இழந்த ஆணிடமும் கதையை மட்டும் மாற்றச் சொன்னால், ஊர் சுமத்திய பழி அப்படியே நிற்கும்.

உபதேசிகளுக்கு ஒரு சான்று கிடைக்கிறது, மறுக்கவில்லை. துன்பத்திலிருந்து மீண்டதாகத் தம் வாழ்க்கையைச் சொல்கிறவர்களிடம் மனநிறைவு கூடுதலாக இருப்பதை உளவியலாளர் டான் மெக்காடம்ஸ் தம் ஆய்வுகளில் கண்டார். ஆனால் கதையால் நிறைவு வந்ததா, நிறைவால் அப்படிப்பட்ட கதை வந்ததா என்பதை இந்தத் தொடர்பு மட்டுமே சொல்லிவிடாது. மேலும், இந்த மீட்சிக் கதையில் அமெரிக்கப் பண்பாட்டின் சாயல் அழுத்தமாக உண்டு, அதற்கு இருண்ட பக்கமும் உண்டு என்று எழுதியவரும் மெக்காடம்ஸேதான். எல்லாத் துயரமும் நன்மையில் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமூகத்தில், ஆறாத துயரம் உள்ளவர் குற்றவாளிபோல் நிற்க வேண்டியிருக்கிறது.

துயரப்படுபவரையே குற்றவாளியாக்கும் இந்தப் போக்கை, குடும்பச் சிகிச்சையாளர்களான ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் சிகிச்சை அறைக்குள்ளேயே எதிர்கொண்டார்கள். மனிதர் வேறு, சிக்கல் வேறு என்பது அவர்கள் நிலைப்பாடு. உடையிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளையை வைட் குறைசொல்லவில்லை. அந்தத் தொல்லைக்கு ஒரு பெயர் வைத்து, பிள்ளையையும் பெற்றோரையும் அதற்கு எதிராக ஒரே அணியில் சேர்த்தார். அதிகாரத்தை ஆராய்ந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோவைப் படித்தவர் வைட். ஒருவரின் கதைக்குள் அதிகாரம் புகுந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

காவலில் உறவினரைப் பறிகொடுத்த ஆஸ்திரேலியப் பழங்குடிக் குடும்பங்கள் 1990களில் கேம்ப் கூராங் என்ற இடத்தில் கூடியபோது, வைட்டும் அவருடைய சகாக்களும் உடனிருந்தார்கள். நேர்மறையாக யோசியுங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நடந்தது அநீதி என்று பெயர் சொல்லப்பட்டது. ஒருவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டு, தங்களுக்குள் அது எழுப்பியதைத் திருப்பிச் சொன்னார்கள். கேட்பவர்கள் இருந்ததால்தான் அங்கே கதை மாறியது.

ஆகவே, துயரத்தில் இருப்பவரிடம் கதையை மாற்றச் சொல்லுமுன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். இந்தக் கதையை அவர்மேல் சுமத்தியது யார்? புதிய கதையை நம்பி அவர் பக்கம் நிற்கப்போவது யார்? இவற்றைத் தொடாத உபதேசம், பாதிக்கப்பட்டவரையே பொறுப்பாளியாக்கிவிட்டு மற்ற எல்லோரையும் விடுவித்துவிடுகிறது.