எண்ணப்படாதவர்கள்

கணிதச் சமூகவியல் என்றதும் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். மனிதனைச் சூத்திரத்தில் அடைக்கிறதாம். நாம் உடன்படவில்லை. ஜப்பானைப் பாருங்கள். 1955 தொடங்கிப் பத்தாண்டுக்கொருமுறை நடத்தப்பட்ட சமூக அடுக்கு ஆய்வில் தந்தையின் தொழிலும் மகனின் தொழிலும் அட்டவணையாயின. அவ்வகை அட்டவணைகளை அளக்க யாசுதா சபுரோ குறியெண் வகுத்தார். 1986இல் இத்துறைக்கெனத் தனிச் சங்கமும் ஆய்விதழுமே தோன்றிவிட்டன.

ஆனால் முதல் மூன்று ஆய்வுகளில் பெண்களிடம் எவரும் கேள்வியே கேட்கவில்லை. 1985இல்தான் சேர்த்தார்கள். (முப்பதாண்டு!) இது சூத்திரத்தின் குற்றமா? யாரைக் கேட்பதென்ற முடிவு கணக்குக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஆய்வு வரையறையைப் புரட்டினால் விடுபட்டவர் யாரெனத் தெரிந்துவிடுகிறது. 'மனித இயல்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதும் நாம் யாரை விட்டோமென்று அப்படிச் சோதிக்க ஒரு தாளும் இல்லை.