டிக்கியா, பேட்டரியா? வேகன் வாங்கப் போகும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் குடும்பக் கார் என்றால் இன்றும் பலருக்கு வேகன்தான். செடானின் கூரையைப் பின்பக்கம் வரை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். நம்மூரில் எடுபடாத வடிவம். ஆனால், குழந்தையின் தள்ளுவண்டி, நாய், நாலு பெட்டி என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பும் வீட்டுக்கு இதைவிடத் தோதான கார் இல்லை.

அதே வேகன் இப்போது பிளக்-இன் ஹைபிரிடாகவும் வருகிறது. பெட்ரோல் இன்ஜின் உண்டு. வீட்டில் சார்ஜ் போடும் பேட்டரியும் உண்டு. இரண்டும் இருந்தால் நல்லதுதானே? பேட்டரிக்கு இடம் வேண்டுமே! அது பெரும்பாலும் டிக்கியிலிருந்துதான் போகிறது.

ஃபோக்ஸ்வாகன் பஸாத் வேகனின் டிக்கி 690 லிட்டர். பிளக்-இன் மாடலில் 510. நம் சாலைகளில் செடானாகப் பார்த்துப் பழகிய ஸ்கோடா சூப்பர்ப், வேகன் வடிவத்தில் அதே 690-லிருந்து அதே 510-க்கு இறங்குகிறது. ஆச்சர்யமில்லை, இரண்டும் ஸ்லோவாக்கியாவில் ஒரே தொழிற்சாலையில் பிறக்கும் சகோதரர்கள். மெர்சிடிஸ் சி-கிளாஸ் வேகன்தான் அதிர்ச்சி தருகிறது. 490 லிட்டர், பிளக்-இன்னில் 360 ஆகிவிடுகிறது. கோல்ஃப் என்ற சின்ன ஹேட்ச்பேக்கின் டிக்கியே 381 லிட்டர்! பெஜோ 308-ல் இழப்பு குறைவு: 608-லிருந்து 548. அதன் பேட்டரியும் சின்னது.

இடத்தைக் கொடுத்து என்ன வாங்குகிறோம்? பஸாத், சூப்பர்ப் இரண்டிலும் பயன்படுத்தக்கூடிய பேட்டரி 19.7 கிலோவாட் ஹவர். நம் வீட்டு மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 20 யூனிட். ஆய்வகச் சோதனைப்படி பெட்ரோலைத் தொடாமல் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் குறையும். ஆனாலும் ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை என்று தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத் தாராளம். சாதாரண பிளக்கில் செருகினால் ஒரு ராத்திரியில் நிரம்பிவிடும்.

செருக வேண்டும். அதுதான் விஷயமே. 2021-ல் பதிவான கார்களிலிருந்து திரட்டிய தகவலை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் வெளியிடும் கார்பன், ஆய்வகக் கணக்கைவிட சராசரியாக 3.5 மடங்கு! கார் கெட்டதல்ல, பலர் சரியாகச் சார்ஜ் போடுவதில்லை. அப்போது பேட்டரி வெறும் சுமை. பெட்ரோலும் செலவாகிறது, டிக்கியும் போச்சு.

எனவே அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு, காரைத் தெருவில் நிறுத்தும் குடும்பம் இந்தப் பக்கமே வர வேண்டாம். பிளக்கே தேவைப்படாத டொயோட்டா கொரோலா ஹைபிரிட் வேகன் 1.8 மாடலில் 596 லிட்டர் டிக்கி இருக்கிறது. அவர்களுக்கு அதுவே லாபம். சொந்த கராஜில் பிளக் இருந்து, வருஷத்தில் சில முறை மட்டும் நெடுந்தூரம் போகிறவர்கள் பஸாத்தையோ சூப்பர்ப்பையோ எடுக்கலாம். இன்ஜினும் பேட்டரியும் ஒன்றுதான் என்பதால், லோகோவைப் பார்க்காமல் விலையைப் பார்த்து முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.

ஷோரூமுக்குப் போகும்போது தள்ளுவண்டியைக் கையோடு கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சார்ஜிங் கேபிள் பையையும் கூடவே வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் இடம் வேண்டும்.